கழிப்பறையைப் பார்க்க டெல்லி வரை போக வேண்டுமா?

கேள்வி: பூஜை விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் டெல்லி போகிறேன். கையில் இருப்பது நான்கே நாள். அங்கே வேலை பார்க்கும் என் மைத்துனர், கட்டாயம் பார்க்க வேண்டியவை என்று கழிப்பறை மியூசியம், ரயில் மியூசியம், பொம்மை மியூசியம் என ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். செங்கோட்டை, குதுப்மினார் பார்க்கவே நேரம் போதாது. இவ்வளவு செலவு செய்து போய்க் கக்கூஸையா பார்ப்பது? திரும்பி வந்து சொன்னால் ஊரில் சிரிக்க மாட்டார்களா? இந்த மாதிரிக் கோமாளித்தனங்களுக்கெல்லாம் மியூசியம் என்று பெயர் வைப்பதையே தடுக்க வேண்டாமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நான் உங்கள் மைத்துனர் பக்கம். அந்தப் பட்டியலில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ரயிலையும் பொம்மையையும் விட்டுவிட்டுக் கழிப்பறை மியூசியத்துக்குப் போங்கள். பிள்ளைகளைக் கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள்.

டெல்லியின் தென்மேற்கே, பாலம் பக்கம் மகாவீர் என்கிளேவ் என்ற குடியிருப்புப் பகுதியில், பொதுக் கழிப்பறைகள் கட்டி நடத்தும் சுலப் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் வளாகத்துக்குள் இருக்கிறது அது. மெட்ரோவில் போனால் தசரத்புரியில் இறங்கலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. மாடமாளிகை எதையும் எதிர்பார்க்காதீர்கள். சுவர் முழுக்கப் படமும் விளக்கமும், நடுவில் வரிசையாக வைத்த பொருள்கள், அவ்வளவுதான். சிந்துவெளி நகரங்களின் செங்கல் சாக்கடையில் ஆரம்பித்து நம் காலம் வரை வருகிறார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சிம்மாசனத்துக்கு மாதிரி ஒன்று உண்டு. இருக்கைக்கு அடியிலேயே மலத்தொட்டி. மன்னர் எழுந்து போகாமலே தர்பார் நடத்தியிருக்கிறார். பூட்டுப் போட்ட புதையல் பெட்டி போல ஒன்று, தடித்த புத்தகங்களை அடுக்கி வைத்தாற்போல இன்னொன்று, மூடியைத் தூக்கினால் இரண்டும் கழிப்பறை. இங்கே உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். நன்றாகச் சிரிக்கட்டும்.

அடுத்து, தண்ணீர் ஊற்றும் கழிப்பறை எப்படி வந்தது என்ற பகுதிக்கு வாருங்கள். இங்கிலாந்தில் ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-இலேயே அப்படி ஒன்றை வடிவமைத்து, முதலாம் எலிசபெத் ராணிக்கும் ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் அது பரவவில்லை. சாக்கடை நாற்றம் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறிவிடும் என்ற சிக்கல் தீராமலே கிடந்தது. தீர்த்தவர் அலெக்சாண்டர் கம்மிங், கடிகாரம் செய்கிறவர். 1775-இல் குழாயை ‘எஸ்’ போல வளைத்துக் காப்புரிமை வாங்கினார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கு அணை. இன்று உங்கள் வீட்டுக் குளியலறைக்குள்ளேயே கழிப்பறை இருக்க முடிகிறதென்றால் அந்த வளைவால்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் எங்கே கிடைக்கும்?

ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அதுவும் இல்லை. இந்த மியூசியத்தை 1992-இல் தொடங்கியவர் பிந்தேஷ்வர் பாடக். பீகாரில் வைஷாலி மாவட்டத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டார் என்பதற்காக அவருடைய பாட்டி சாணத்தையும் கோமியத்தையும் அவர் வாயில் திணித்துத் தீட்டுக் கழித்தார். இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு காந்தி நூற்றாண்டுக் குழுவில் வேலைக்குச் சேர்ந்தபோது, மலம் அள்ளும் மக்களின் விடுதலைதான் அவருக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை. உபதேசத்தால் இது முடியாது, அள்ள வேண்டிய தேவையே இல்லாத கழிப்பறை வந்தால்தான் அள்ளுகிறவர் விடுபடுவார் என்று முடிவு செய்து, 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கினார். 1974-இல் பாட்னாவில் காசு கொடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கழிப்பறையைத் திறந்தார். ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் சில்லறையைக் கொடுத்துவிட்டு நாம் உள்ளே போகிறோமே, அந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியதில் அவர் பங்கு பெரியது.

கூடத்தை விட்டு வெளியே வந்ததும் வளாகத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறையின் மாதிரிகளைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். பீங்கான் கோப்பை நல்ல சரிவாக இருக்கும், அதனால் ஒன்றரை லிட்டர் தண்ணீரே போதும். பின்னால் இரண்டு குழி, நடுவே திருப்பிவிட ஒரு தொட்டி. ஒரு நேரத்தில் ஒரு குழிக்குத்தான் கழிவு போகும். அது நிரம்ப இரண்டு மூன்று வருஷம் ஆகும். நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு முதல் குழியை மூடி வைத்துவிட வேண்டும். குழியின் பக்கச் சுவரில் விட்ட துளைகள் வழியாக ஈரத்தை மண் இழுத்துக்கொள்ளும். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது வாடை இல்லாத உலர்ந்த எரு. தோட்டத்துக்குப் போடலாம். பச்சை மலத்தை ஒரு மனிதர் தொட வேண்டிய கட்டமே இந்த வழியில் கிடையாது. பெரிய இயந்திரமோ மின்சாரமோ தேவையில்லாமல், ஊர்க் கொத்தனாரே கட்டிவிடக்கூடியது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். நம் ஊர்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்ததும், கொல்லைப்புறச் சந்து வழியாக ஒரு பெண் வந்து தகரத்தால் வழித்து வாளியில் எடுத்துப் போனதும் அவர்கள் கண்ணால் பார்த்தது. அந்தப் பெண்ணின் பெயர் அந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இந்த வேலையைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்தது, மியூசியம் திறந்து ஒரு வருஷம் கழித்து. அது போதவில்லை என்று 2013-இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் பாதாளச் சாக்கடையில் இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்தார் என்ற செய்தி நின்றபாடில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பாடக் ராஜஸ்தானின் அல்வாரில் இந்த வேலையிலிருந்து வெளியே வந்த பெண்களுக்கு அப்பளம், ஊறுகாய், தையல் என்று தொழில் கற்றுக்கொடுக்க ஒரு மையமே நடத்தினார். 2023 சுதந்திர தினத்தன்று சுலப் அலுவலகத்தில் கொடியேற்றிய சில மணி நேரத்தில் இறந்துபோனார். ஊரில் யார் சிரிப்பார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வளர்ப்பதைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

சரி, ரயில் மியூசியத்துக்கு வருவோம். சாணக்கியபுரியில் 1977-இல் திறந்தது. அங்கேயும் கழிப்பறைக் கதை ஒன்று உண்டு. 1909-இல் வங்காளத்து அகமத்பூர் நிலையத்தில் இறங்கியவர் ஒகில் சந்திர சென். பலாப்பழம் தின்று வயிறு உப்பி ஒதுங்கப் போயிருக்கிறார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடியவர், பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்து மானம் போய், ரயிலையும் தவறவிட்டார். கார்டுக்குப் பெரிய அபராதம் போடாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்று தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ரயில்வேக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகுதான் சாதாரண வகுப்புப் பெட்டியில் கழிப்பறை வந்தது என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது வழக்கம். அந்தக் கடிதத்தை இங்கே வைத்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலத்துக்குச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அடிபட்ட ஒரு சாதாரணப் பயணி அதிகாரத்தைத் தட்டிக் கேட்டிருக்கிறார், அதைப் பாருங்கள்.

அப்புறம் பாட்டியாலா சமஸ்தானத்தின் மோனோ ரயிலை விட்டுவிடாதீர்கள். 1907-இல் ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு தண்டவாளம். பாரம் அனைத்தும் கிட்டத்தட்ட அதன் மேலேதான். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் சாலையிலேயே உருண்டு வரும். முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன, பிறகு பெர்லினிலிருந்து நீராவி எஞ்சின் வந்தது. 1927 வாக்கில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். வருஷக்கணக்காகப் பழைய சாமான்களோடு கிடந்ததை மீட்டு ஓடும் நிலைக்குக் கொண்டு வந்தார்கள். 1894-இல் ரயிலோடு மோதிய யானையின் மண்டையோடும் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் குட்டி ரயில் சவாரி உண்டு.

பொம்மை மியூசியம், பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் நேரு ஹவுஸ் கட்டடத்தில். கார்ட்டூனிஸ்ட் சங்கர் அமைத்தது. அவர் நடத்திய குழந்தைகள் போட்டிக்குப் பரிசாகக் கொடுக்கச் சொல்லி ஹங்கேரித் தூதர் ஒரு பொம்மை கொடுக்க, அதில் மனம் பறிகொடுத்து ஊர் ஊராகச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். 1965-இல் திறந்து வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். ஆயிரக்கணக்கான பொம்மைகள், எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள். சின்னப் பிள்ளை இருந்தால் போங்கள். உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்கள் என்றால் இதை விட்டாலும் பாதகமில்லை.

தடுக்க வேண்டாமா என்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். அரசர் வாளும் அரண்மனைத் தூணும் மட்டும்தான் மியூசியத்துக்கு லாயக்கு என்றால், சாக்கடைக் குழாயை வளைத்த கடிகாரக்காரரும் பிளாட்பாரத்தில் விழுந்த ஒகில் சந்திர சென்னும் எங்கே போவார்கள்? செங்கோட்டையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதையும் பாருங்கள். ஆனால் அங்கே உங்களை அழைத்துப் போக ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பாலம் பக்கம் போகச் சொல்ல உங்களுக்கு ஒரு மைத்துனர்தான் இருக்கிறார்.

நான்கு நாளில் திங்கட்கிழமை வந்தால் கவனம். அன்று செங்கோட்டை, ரயில் மியூசியம், பொம்மை மியூசியம் மூன்றுக்கும் விடுமுறை. குதுப்மினாரை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது எல்லா நாளும் திறந்திருக்கும். சுலப் வளாகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அங்கே சுற்றிக்காட்டுகிறவர்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேசுவார்கள். பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையை மைத்துனரிடமே விட்டுவிடுங்கள், அவருக்கு அதில் ஆர்வம் இருக்கும் போலத்தான் தெரிகிறது.