தலைமையும் அன்றாடமும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் தலைவராகச் சித்திரை மாதப் பொதுக்கூட்டத்தில் என்னைத் தெரிவு செய்தார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. பகலில் தனியார் நிறுவனமொன்றில் கணக்கு வேலை. பொறுப்பேற்ற முதல் ஞாயிறு சிரமதானம் வைத்தோம். ஐம்பது பேருக்கு மேல் வந்து வாசிகசாலை வளவைத் துப்புரவாக்கி, மதிலுக்கு வெள்ளையடித்து, மத்தியானம் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். அந்த வேகம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. இப்போது நிருவாகசபைக் கூட்டத்துக்கே நாலைந்து பேர்தான் வருகிறார்கள். தலைமைத்துவம் பற்றிய காணொளிகளைப் பார்த்து, விடிய நாலரைக்கு எழும்புவது, நாட்குறிப்பு எழுதுவது, ஓடுவது என்று பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன்; அவையும் ஒவ்வொன்றாகக் கைநழுவிவிட்டன. அன்றாடச் சிறு பழக்கங்களாலேயே ஒரு தலைவர் மற்றவர்களை இயங்க வைக்கலாம் என்கிறார்கள். அது உண்மையானால் நான் எங்கிருந்து தொடங்குவது? கூட்டத்துக்கு வராதவர்களை வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிக் கேட்கலாமா? தை மாதத்தில் ஆண்டு விழாவைப் பெரிதாக நடத்தினால் பழைய உற்சாகம் திரும்பும் என்று செயலாளர் சொல்கிறார். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கோ.

அன்புள்ள கோ.,

அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் நீங்கள் தெரிந்தெடுத்த பழக்கங்களால் அது நடக்காது. நாலரைக்கு எழும்புவதும் ஓடுவதும் உங்கள் உடம்புக்கு நல்லவை, விடாமல் செய்தால் மகிழ்ச்சி. ஊருக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை, ஏனெனில் ஊர் அவற்றைக் காண்பதில்லை. தலைவர் ஒருவருடைய பழக்கம் மற்றவர்களை அசைப்பதென்றால், அவர்கள் அதைக் கண்ணால் கண்டு, நாளைக்கும் அது நடக்கும் என்று நம்பி, அந்த நம்பிக்கையை வைத்துத் தங்கள் அலுவல்களை ஒழுங்குபடுத்தத் தொடங்க வேண்டும். நீங்கள் தேடுகிற வேகம் அவர்களுடைய அந்த எதிர்பார்ப்பில்தான் சேர்கிறது. உங்கள் மனஉறுதியில் அதைத் தேடினால் களைப்புத்தான் மிஞ்சும்.

எனவே பதவியோடு ஒட்டிய, எல்லோர் கண்ணிலும் படுகிற, அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையால் வருகிற வழியில், பின்னேரம் ஐந்தரைக்கு வாசிகசாலைக் கதவை நீங்களே திறந்து, மேசையைத் துடைத்து, அன்றைய பத்திரிகைகளை விரித்து வைத்துவிட்டு, வாசலை நோக்கிக் கதிரையைப் போட்டு ஆறு மணி வரை இருங்கள். மேசையில் நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று கிடக்கட்டும். வருகிறவர் ஒரு குறை சொன்னால் அவர் சொன்னபடியே எழுதுங்கள்: "பிள்ளையார் கோவில் ஒழுங்கை, இரண்டாவது மின்கம்பம், விளக்கு எரிவதில்லை." பக்கத்தில் ஒரு நிரலை வெறுமையாக விடுங்கள். அடுத்த நாள் வேறு எதைச் செய்ய முடியாவிட்டாலும், அந்த வெற்று நிரலில் ஒரு வரியை நிரப்புங்கள்: "பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தது, கையொப்பத்துடன் பிரதி வாங்கியது." விளக்கு எரிய இரண்டு கிழமை செல்லலாம், இரண்டு மாதமும் செல்லலாம். ஆனால் முறைப்பாடு சொன்ன அம்மா மறுபடி வந்து கொப்பியைப் பார்க்கும்போது, தாம் சொன்னது காற்றோடு போகவில்லை என்று காண்பார். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார். முதற் கிழமையில் ஒருவரும் எட்டிப்பார்க்காமல் விடலாம். பத்திரிகை வாசித்துக்கொண்டு இருங்கள்.

சிறியது என்று சொன்னால் நாங்கள் அதைச் சிறியதாக விடுவதில்லை என்பதுதான் எங்களிடம் உள்ள கோளாறு. உற்சாகம் வந்த நாளில் அரை மணியை மூன்று மணியாக்கி, கொப்பியோடு பதிவேடு, பதிவேட்டோடு உபகுழு என்று பெருக்கி, ஒரு மாதத்தில் அலுத்துப்போய் எல்லாவற்றையும் சேர்த்துக் கைவிடுகிறோம். பனையில் பாளை சீவுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் காலையும் மாலையும் ஏறிப் பாளை நுனியை மெல்லிய சீவலாகத்தான் எடுக்கிறார். ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். இன்றைக்கு நிறையக் கிடைக்கட்டும் என்று தடிப்பாகச் சீவினால் பாளைதான் முன்னதாகத் தீர்ந்துபோகும். நல்ல நாளிலும் ஆறு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு எழும்புகிற கட்டுப்பாடுதான், சோம்பலான நாளில் வந்து திறக்கிற கட்டுப்பாட்டைவிடக் கடினமானது என்று நான் நினைக்கிறேன்.

இடையில் ஒருநாள் தவறினால் என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். 2009 இல் வெளியான லண்டன் ஆய்வொன்று, 96 பேரைப் பன்னிரண்டு கிழமை கவனித்து, புதிய செயலொன்று தன்னியல்பாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் எடுக்கும் என்று கணித்தது. ஆளுக்கு ஆள் அந்தக் கணிப்பு 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெட்டுவிடவில்லை என்றும் கண்டார்கள். உங்கள் ஓட்டத்துக்கு இந்த ஆறுதல் போதும். தலைவரின் பழக்கத்துக்குப் போதாது, ஏனெனில் நீங்கள் தவறிய நாளில் நடந்துவந்து பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர் உங்கள் சராசரியைக் கணக்கெடுக்க மாட்டார். ஆகவே பூட்டுக்கு இரண்டாவது திறப்பு ஒன்று வெட்டி, இன்னொருவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

இதற்கு எங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1847 டிசெம்பர் 31 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் பிரசங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தைந்து; உங்களைப் போலவே அவரும் அப்போது வேறோர் இடத்தில், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில், வேலையில் இருந்தார். பாடசாலைக் கட்டடமோ அச்சுக்கூடமோ அன்றைக்கு அவரிடம் இல்லை. வெள்ளிதோறும் பிரசங்கம் என்ற ஒழுங்குதான் இருந்தது. அதையும் நண்பர் கார்த்திகேசையரும் அவருமாகப் பகிர்ந்துகொண்டார்கள். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது அதற்கு அடுத்த ஆண்டில், அச்சுக்கூடம் அதற்கும் பின்னர். நாவலரின் கொள்கைகளோடு உடன்படாதவர்கள் இருக்கலாம், எனக்கும் சிலவற்றில் முரண்பாடு உண்டு. ஆனால் பெரிய காரியங்களுக்கு ஆட்கள் சேர்ந்த ஒழுங்குமுறையைக் கவனியுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1933 இல் க. மு. செல்லப்பா தமது வீட்டில் வைத்துப் புத்தகங்களை இரவல் கொடுத்ததிலிருந்து வளர்ந்ததுதான்.

நிருவாகசபைக் கூட்டத்தைப் பற்றி: ஆறரை என்று அறிவித்தால் ஆறரைக்கே தொடங்குங்கள், மூன்று பேர் இருந்தாலும். "இன்னும் கொஞ்சம் சனம் வரட்டும்" என்று முக்கால் மணித்தியாலம் காத்திருப்பது, நேரத்துக்கு வந்தவரைத் தண்டித்துப் பிந்தி வந்தவரை உபசரிப்பதாகவே முடியும். அடுத்த மாதம் நேரத்துக்கு வந்தவரும் பிந்தி வருவார். வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். கேட்டால் இரண்டு பேர் வருவார்கள், ஆறு பேர் குழுவைவிட்டு வெளியேறுவார்கள். அதே குழுவில் ஒவ்வொரு ஞாயிறும் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள், ஒரு சொல்லும் சேர்க்காமல்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒழுகுகிற கூரைக்குப் பணம் வேண்டும். காணி எல்லைத் தகராறுக்குத் துணிந்து ஒரு முடிவெடுக்க வேண்டும். நாள்தோறும் கதவு திறக்கிறேன் என்ற நிம்மதியில் அவற்றைத் தள்ளிப்போடுகிற தலைவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கொப்பியில் ஒரே குறை மூன்றாவது தடவை எழுதப்பட்டால், அதை நிருவாகசபைக்குக் கொண்டுபோவதென்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆண்டு விழாவை நடத்துங்கள். செயலாளரின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஆனால் பந்தலையும் ஒலிபெருக்கியையும் பாதியாகக் குறையுங்கள். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்குகிற காசில் இரண்டு பத்திரிகைகளுக்கு ஓராண்டுச் சந்தாவைக் கட்டிவிடுங்கள். பிரதம விருந்தினர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு வேறொருவரை அழைக்கலாம்.