மணம் ஏன் மறைகிறது?

கேள்வி: காலையில் பூசும் வாசனைத் திரவியம் நண்பகலுக்குள் மறைந்துவிடுகிறது. அது தோலில் நீடிக்க என்ன செய்யலாம்?

பதில்: தோலிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் மூக்கை வந்தடைவதையே நாம் மணம் என்கிறோம், ஆகவே, மணக்கும் பொருள் எதுவும் சிறிது சிறிதாகத் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மணங்களின் மூலக்கூறுகள் இலேசானவை என்பதால் விரைவில் பறந்துவிடுகின்றன. சந்தனம், கஸ்தூரி வகை மணங்களோ கனமான மூலக்கூறுகளால் ஆனவை என்பதால் மெல்ல ஆவியாகி மாலைவரை தங்குகின்றன. எனவே, எந்த மணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே பாதி விடை அடங்கிவிடுகிறது. திரவியத்தின் அடர்த்தியும் முக்கியம்: புட்டியில் ‘ஓ டி டாய்லெட்’ என்று குறித்திருக்கும் வகையில் பொதுவாக 5 முதல் 15 விழுக்காடும், ‘ஓ டி பர்ஃபம்’ வகையில் 15 முதல் 20 விழுக்காடும் நறுமணப் பொருள் இருக்கும்.

வறண்ட தோலில் மணத்தைப் பிடித்துவைக்கும் எண்ணெய்ப்பசை குறைவு. குளித்து ஈரத்தை ஒற்றியெடுத்தபின் மணமற்ற மாய்ஸ்சரைசரைப் பூசி, அதன்மேல் திரவியத்தைத் தெளித்துப் பாருங்கள். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தெளித்தபின் மணிக்கட்டுகளை உரசவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும் மூக்கு அதற்குப் பழகி உணர்வதை நிறுத்திவிடுவதால், உங்களுக்கு மறைந்துவிட்டதாகத் தோன்றும் மணம் அருகிலிருப்பவருக்குத் தெளிவாகவே வீசிக்கொண்டிருக்கலாம். மீண்டும் தெளிக்கும் முன் அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.