வாசகர் கேள்வி – பதில்: பனியாற்று ஏரிக்கு ஒரு நாள் நடை

கேள்வி: தில்லியிலிருந்து இரவுப் பேருந்தில் மணாலி போய் இறங்கி, மறுநாளே பியாஸ் குண்ட் ஏரியையும் அதன் மேலுள்ள பனியாற்றையும் (கிளேசியர்) பார்த்துவிட்டு வர முடியுமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் மறுநாளே வேண்டாம். மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரம். ஏரி சுமார் 3,700 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. உடல் உயரத்துக்குப் பழக மணாலியில் இரண்டு இரவாவது தங்கிவிட்டுக் கிளம்புங்கள். சோலாங் தாண்டி துந்தி வரை வண்டி போகும். அங்கிருந்து பகர்தாச் மேய்ச்சல் வெளி வழியாக ஏறினால் ஏரி. போக வர எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நடக்க முடியாது என்றால் பகர்தாச்சில் ஓர் இரவு கூடாரம் போட்டுக்கொள்ளலாம். உள்ளூர் வழிகாட்டி கட்டாயம் வேண்டும்.

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். 2023 ஜூலை மழையில் குலு–மணாலி நெடுஞ்சாலையையே பல இடங்களில் ஆறு அரித்துக்கொண்டு போனது.

கேள்வி: ஏரிக்குப் போகும் வழியில், காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, திரும்பும்போது முழங்காலைத் தாண்டிவிடும் என்கிறார்களே, மழையே இல்லாமல் எப்படி?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: வெயில்தான் காரணம். இரவில் பனி உருகுவது அடங்கிவிடும், அதனால் விடியற்காலையில் ஓடை இளைத்திருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, அந்த நீர் கீழே வந்து சேர்வதற்குள் பிற்பகல் ஆகிவிடும். ஆகவே காலை ஆறு மணிக்கே துந்தியில் நடக்கத் தொடங்குங்கள். ஏரி கண்ணில் பட்டாலும் படாவிட்டாலும் 12 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த நடையில் நாங்கள் மிகவும் வலியுறுத்துவது இந்த ஒரு நேரத்தைத்தான்.

கடக்கும் இடம் அகலமாக, நீர் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் இடமாக இருக்கட்டும். குறுகலான இடம் ஆழமானது, இழுவையும் அங்கேதான் அதிகம். பையின் இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை இரண்டையும் கழற்றிவிடுங்கள்; விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக நகர்த்துங்கள். வெறுங்காலில் இறங்காதீர்கள்: குளிரில் பாதம் மரத்துப்போனால் கல் இருப்பதே தெரியாது. பட்டை வைத்த செருப்பு போதும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது ஆபத்து. விழுந்தால் அந்தக் கயிறே உங்களை நீருக்குள் அமுக்கிவிடும்.

நீர் கலங்கி, அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கேட்டால் காலே வைக்க வேண்டாம். மறுநாள் காலை நீர் வடியும் வரை இந்தக் கரையிலேயே காத்திருப்பதுதான் வழி. அதற்காகத்தான் ஒரு நாள் நடைக்கும் கம்பளிச் சட்டை, டார்ச், கூடுதல் உணவு எல்லாம் பையில் இருக்க வேண்டும்.

கேள்வி: பனியாற்றின் மேல் ஏறிப் படம் எடுக்கலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கூடாது. இமயமலைப் பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதி வெள்ளையாகவே தெரியாது. கல்லும் மண்ணும் மூடிக் கல்குவாரி மாதிரி கிடக்கும். கற்களுக்கு நடுவே ஈரமாக, கறுப்பாக மின்னுவது பனிக்கட்டி. அதன் மேல் கிடக்கும் கல் மிதித்ததும் சறுக்கும். புதுப்பனி மூடிய இடங்களில் வெடிப்புகள் கண்ணுக்குத் தெரியாது. கயிறும், பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் கட்டும் முள்தகடும், பயிற்சியும் இல்லாதவர்கள் ஏரிக்கரையோடு நின்றுவிட வேண்டும். பனியாற்றின் வாயில் குகைபோல் தெரிந்தால் அதன் பக்கமே போகாதீர்கள், எந்த நேரமும் இடிந்து விழும்.

கேள்வி: புதுச்சேரியில் இருந்துகொண்டே எப்படித் தயாராவது? தலைவலிக்கு முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: கடற்கரைச் சாலையில் நடப்பது மூச்சுக்கு உதவும், தொடைக்கு உதவாது. ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் போய், ஆறு கிலோ பையோடு ராஜகிரி ஏறி இறங்குங்கள். முழங்கால் வலி பெரும்பாலும் இறக்கத்தில்தான் வரும், அதனால் இறங்குவதையும் பழக வேண்டும். மலைக்குப் போடப்போகும் அதே ஷூவைப் போட்டே பழகுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. தண்ணீர் இரண்டு லிட்டர், கடலை மிட்டாய், பேரீச்சை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கத் தரப்படும் அசெட்டசோலமைட் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரை போட்டிருந்தாலும், தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல், துணையோடு இறங்கிவிட வேண்டும்.