வாசகர் கேள்வி – பதில்: விளக்கசைவுக்கு நகர்ந்த வேகன்கள்

அமெரிக்கச் சரக்கு ரயில்களின் பழைய நாட்களைப் பற்றியும், ஓய்வுபெற்ற ஊழியர்கள் அந்த வேலைக்கு ஏங்குவதைப் பற்றியும் முந்தைய இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யார்டுகளில் (வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ரயில் வளாகங்களில்) நடந்த ஷண்டிங் வேலையைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சரக்கு வேகன்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கும் வேலையில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? பயணிகள் ரயிலை நினைத்து ஏங்கினால் புரிந்துகொள்ள முடிகிறது.

பயணிகள் ரயில் புறப்படும்போது எப்படிக் கோக்கப்பட்டிருந்ததோ, பெரும்பாலும் அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். சரக்கு ரயில் அப்படியல்ல. யார்டுக்குள் வந்து நிற்கும் ஒரு வண்டியில் எழுபது வேகன்கள் இருந்தால், அவை எழுபது வெவ்வேறு இடங்களுக்குப் போக வேண்டியவையாக இருக்கலாம். அவற்றைக் கலைத்து, திசைவாரியாகப் பிரித்து, வழியில் முதலில் இறக்க வேண்டியது கைக்கெட்டும் இடத்தில் நிற்கும்படி மறுபடியும் கோக்க வேண்டும். நாம் ஷண்டிங் என்று சொல்லும் இந்த வேலையை அமெரிக்கர்கள் ஸ்விட்சிங் என்கிறார்கள். வேகன் எண்ணும் அது சேர வேண்டிய தண்டவாளத்தின் எண்ணும் எழுதிய தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வேகனை முதலில் பிரித்தால் எஞ்சினின் ஓட்டம் குறையும் என்று யார்டு ஃபோர்மேன் மனத்துக்குள்ளேயே கணக்குப் போடுவார். சதுரங்க ஆட்டத்துக்கு நெருக்கமான இந்தக் கணக்கை மழையிலும் பனியிலும் நள்ளிரவிலும் போட்டார்கள் என்பதை நினைத்தால்தான் அதன் அருமை தெரியும்.

யார்டில் மிகுதியாக நடந்தது ‘உதைத்தல்’ என்று அவர்கள் அழைத்த முறை. எஞ்சின் ஒரு வேகன் வரிசையைத் தள்ளிக்கொண்டு வேகம் பிடிக்கும்; கடைசி வேகனின் கப்ளிங் (வேகன்களைப் பிணைக்கும் பூட்டு) நெம்புகோலை ஒருவர் உயர்த்திப் பிடித்துச் சைகை காட்டுவார்; ஓட்டுநர் பிரேக் போட்டதும், விடுபட்ட அந்த ஒரு வேகன் மட்டும் தனியே உருண்டு, பாயிண்ட் (பாதை பிரியும் இடத்தில் வண்டியைத் திசைமாற்றும் அமைப்பு) திருப்பப்பட்டிருக்கும் தண்டவாளத்துக்குள் போய்விடும். சுமையேறிய வேகன் நெடுந்தூரம் உருளும், காலி வேகன் விரைவில் தயங்கும், எதிர்க்காற்று அடித்தால் இரண்டுமே முன்னதாக நின்றுவிடும். எவ்வளவு வேகத்தில் உதைக்க வேண்டும் என்று எந்தக் கருவியும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் கண்ணும் காதும் கற்றுக்கொண்ட அந்த அறிவுக்குத்தான் ஓய்வுபெற்றவர்கள் ஏங்குகிறார்கள் என்பது என் துணிபு.

கேள்வி: ‘பறக்கும் ஸ்விட்ச்’ என்று ஒரு வித்தையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எஞ்சின் ஒரு பாதையிலும் அதன் பின்னால் வந்த வேகன் இன்னொரு பாதையிலும் போகுமாமே?

போகும். தொழிற்சாலைக்குப் பிரியும் கிளைப்பாதை வண்டி செல்லும் திசையிலேயே பிரிந்தால், பின்னால் இழுத்துவரும் வேகனை அதற்குள் விட எஞ்சினுக்கு வழியில்லை. ஏனென்றால் எஞ்சின்தான் முன்னால் இருக்கிறது. அருகில், இரு முனைகளிலும் முதன்மைப் பாதையோடு சேரும் லூப் பாதை இருந்தால் எஞ்சினைக் கழற்றிச் சுற்றிவந்து, வேகனைப் பின்னாலிருந்து தள்ளலாம். லூப் இல்லாத இடத்தில்தான் இந்த வித்தை. எஞ்சின் வேகனை இழுத்துக்கொண்டு வேகமெடுக்கும். பிறகு ஓட்டுநர் ஒரு கணம் தளர்த்த, கப்ளிங்கின் இறுக்கம் குறையும் அந்த நொடியில், பிரேக்கையும் கப்ளிங்கையும் கவனிக்கும் ஊழியரான பிரேக்மேன் அதை விடுவிப்பார். எஞ்சின் பாய்ந்து முன்னேறிப் பாயிண்டைக் கடந்துவிடும். எஞ்சினுக்கும் வேகனுக்கும் இடையே விழுந்த சில நொடி இடைவெளியில், தரையில் காத்திருப்பவர் பாயிண்டைத் திருப்ப, வேகன் கிளைப்பாதைக்குள் நுழையும். வேகன்மேல் நிற்பவர் கைபிரேக்கைச் சுற்றி உரிய இடத்தில் நிறுத்துவார்.

மூவரில் ஒருவர் ஒரு நொடி பிசகினாலும் வேகன் தடம் புரளும், அல்லது எஞ்சின்மீதே மோதும். இன்று பெரும்பாலும் இது தடைசெய்யப்பட்டோ கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டோ இருப்பது சரியே.

கேள்வி: விரல் இழந்த கைகளைப் பார்த்தே அனுபவமுள்ள ரயில் ஊழியரை அடையாளம் கண்டார்கள் என்று படித்தேன். உண்மையென்றால், அந்தக் காலத்துக்கா ஏங்குகிறோம்?

இந்தப் பக்கத்துக்கு வந்தவற்றில் மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். நீங்கள் படித்தது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேகன்களை இணைத்தது ஓர் இரும்பு வளையமும் ஓர் ஆணியும். ஒரு வேகன் நிற்க, இன்னொன்று அதை நோக்கி உருண்டுவர, இரண்டுக்கும் நடுவே நின்ற பிரேக்மேன் அந்த வளையத்தைக் கையால் பிடித்து எதிர்வேகனின் துளைக்குள் வழிகாட்டி, கையை இழுத்துக்கொண்டு, ஆணியைப் போட வேண்டும். கையை இழுக்கப் பிந்தியவர்கள் விரல்களை இழந்தார்கள். கால் வழுக்கியவர்கள் உயிரை இழந்தார்கள்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஈலை ஜேனி என்பவர், மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றுவதுபோல் மோதியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் கப்ளிங்குக்கு 1873-இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் ஆயிரக்கணக்கான கப்ளிங் காப்புரிமைகள் போட்டியிட்டதாலும், எல்லா வேகன்களையும் மாற்றும் செலவைக் கம்பெனிகள் தள்ளிப்போட்டதாலும், சாவுகள் தொடர்ந்தன. ஒரு பிரேக்மேன் விரல்களை இழப்பதை நேரில் கண்ட அயோவா மாநில விவசாயி லாரன்சோ காஃபின், பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பேசியும் கடிதங்கள் எழுதியும் சட்டத்துக்காகப் போராடினார். அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் 1889-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், போர்க்களத்துச் சிப்பாய்க்கு நிகரான ஆபத்தில் ரயில் தொழிலாளர்கள் வேலை செய்வது நாகரிகத்துக்கே இழுக்கு என்று குறிப்பிட்டார். தானியங்கிக் கப்ளிங்கையும் எஞ்சினிலிருந்து இயக்கும் பிரேக்கையும் கட்டாயமாக்கிய பாதுகாப்புச் சட்டத்தில் 1893 மார்ச் 2 அன்று அவரே கையெழுத்திட்டார். அதற்கான கெடு 1898. அதுவும் 1900 வரை நீட்டிக்கப்பட்டது.

இங்கே இரண்டு காலங்களை நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓய்வுபெற்றவர்கள் நினைவுகூரும் யார்டுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. அந்தச் சட்டம் அவர்களுடைய கைகளைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகுதான், வேலையை ரசிக்கவே அவர்களுக்கு இடம் கிடைத்தது. வளையமும் ஆணியும் திரும்ப வேண்டும் என்று அந்த வேலையை அறிந்த எவரும் கேட்டதில்லை.

கேள்வி: ஓடும் வண்டியின் கூரைமேல் ஏன் நடந்தார்கள்?

பிரேக் சக்கரம் அங்கேதான் இருந்தது. ஓட்டுநர் ஒருமுறை சுருக்கமாக விசிலடித்தால், பிரேக்மேன்கள் கூரையில் பதித்த நடைபலகைமேல் ஓடி, வேகனுக்கு வேகன் தாவி, ஒவ்வொரு சக்கரத்தையும் தடித்த கட்டை ஒன்றைக் கொடுத்து நெம்பி இறுக்க வேண்டும். தாழ்வான பாலமோ சுரங்கமோ வருவதற்குச் சற்று முன்னால், பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பத்திலிருந்து கயிறுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இருட்டில் அந்தக் கயிறுகள் முகத்தில் உரசினால் உடனே படுத்துவிட வேண்டும் என்பது பொருள். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்று பிரேக்கைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, குழாயில் காற்றழுத்தம் குறைந்தால் தானே பிடித்துக்கொள்ளும்படி அதைத் திருத்தினார். அதனால் வண்டி நடுவில் அறுந்தாலும் இரு பகுதிகளும் தாமாக நின்றன. ஆயினும் கூரைப்பலகைகள் நெடுநாள் நீடித்தன. அவை இல்லாத புதிய மூடு வேகன்கள் 1966 முதல்தான் வழக்கமாயின.

கேள்வி: வண்டியின் கடைசியில் வரும் சிவப்பு நிறக் ‘கபூஸ்’ ஏன் மறைந்தது? அதில் அமர்ந்திருந்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்?

கபூஸ் என்பது நம் கார்டு வேனைப் போன்றது, ஆனால் அதைவிட வீட்டுத்தன்மை மிகுந்தது. வண்டிக்குப் பொறுப்பாளரான கண்டக்டருக்கு அது அலுவலகம். ஒவ்வொரு வேகனின் சரக்கையும் சேருமிடத்தையும் சொல்லும் வழிச்சீட்டுகளை அங்கிருந்த மேசையில் வைத்து அவர் சரிபார்த்தார். இரும்பு அடுப்பில் காப்பி கொதித்தது. ஊரைவிட்டு வெகுதூரம் போகும் நாட்களில் பலர் அதிலேயே உறங்கினார்கள்.

கூரைமேல் எழுந்த சிறு கூண்டில் அமர்ந்து வண்டி முழுவதையும் கண்காணிப்பதுதான் அவர்களுடைய தலையாய பணி. வளைவுகளில் வண்டி வில்லாக வளையும்போது ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டும் தெரியும். எங்காவது புகை கிளம்புகிறதா என்று அப்போது பார்ப்பார்கள். அந்நாளைய அச்சுப்பெட்டிகளில் உருளைத் தாங்கிகள் இல்லை. எண்ணெயில் ஊறிய பஞ்சுநூல்தான் அச்சுக்கு மசகு போட்டது. எண்ணெய் வற்றினால் அச்சு பழுக்கக் காய்ந்து, முறிந்து, வண்டியையே கவிழ்த்துவிடும். எதிரே நிற்கும் வண்டியின் ஊழியர்களும் இதைக் கவனித்துச் சொல்வார்கள். சத்தத்தில் குரல் கேட்காது என்பதால், மூக்கைப் பிடித்துக் காட்டுவார்கள். அச்சு கருகுகிறது என்பதற்கு அதுவே சைகை.

சுகமான இடம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு கப்ளிங்கிலும் சிறிது தளர்வு உண்டு; நூறு வேகன்களின் தளர்வு ஒன்றுசேர்ந்து கடைசியில் வந்து அடிக்கும்போது, எதையாவது பற்றிக்கொண்டிராதவர் சுவரில் போய் மோதுவார். வண்டி வழியில் நின்றுவிட்டாலோ, பின்னால் வரும் வண்டியைத் தடுக்கச் சிவப்புக் கொடியும் தீச்சுடரும், சக்கரம் ஏறியதும் வெடித்து எச்சரிக்கும் வெடிவில்லைகளும் எடுத்துக்கொண்டு ஒருவர் இருட்டில் நெடுந்தூரம் திரும்பி நடக்க வேண்டும்.

உருளைத் தாங்கிகளும், அச்சுச் சூட்டை அளக்கும் பாதையோரக் கருவிகளும், கடைசி வேகனில் மாட்டி காற்றழுத்தத்தை வானொலி வழியே ஓட்டுநருக்குச் சொல்லும் சிறு பெட்டியும் வந்த பிறகு, 1980-களில் கபூஸ்கள் வேகமாக விலக்கப்பட்டன. மின்னும் விளக்குள்ள அந்தப் பெட்டியை ஊழியர்கள் ‘ஃப்ரெட்’ என்று ஓர் ஆளின் பெயரால் அழைத்தார்கள். ஐந்து பேர் போன வண்டியில் இரண்டு பேரே போகலானார்கள்.

கேள்வி: மேட்டிலிருந்து உருட்டிவிடும் ‘ஹம்ப்’ யார்டுகள் வந்ததும் பழைய திறமைக்கு வேலையில்லாமல் போயிற்றா?

உடனே போகவில்லை. தொடக்கத்தில், மேட்டிலிருந்து இறங்கும் ஒவ்வொரு வேகனிலும் ஓர் ஆள் ஏறிக்கொண்டு, கைபிரேக்கால் அதன் வேகத்தை அடக்கிக் கீழே நிற்கும் வரிசையோடு சேர்த்தார். பனியில் உறைந்த பிரேக் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கிய அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. 1924-இல் இண்டியானா மாநிலத்தின் கிப்சன் யார்டில், தண்டவாளத்தின் இருபுறமும் நின்று சக்கரங்களை இறுக்கிப் பிடிக்கும் ‘ரிடார்டர்’ கருவிகள் பொருத்தப்பட்டன. அதன்பின் கோபுரத்தில் அமர்ந்தவரின் கைக்கு அந்தத் திறமை மாறியது, பிறகு கணினிக்கு. உலகிலேயே மிகப் பெரியதான, நெப்ராஸ்காவின் நார்த் பிளாட்டிலுள்ள பெய்லி யார்டில், கிழக்கே போகும் வேகன்களுக்கு ஒன்றும் மேற்கே போகும் வேகன்களுக்கு ஒன்றுமாக இரண்டு மேடுகள் இருக்கின்றன.

கேள்வி: பழைய முறையை இன்று நேரில் பார்க்க ஓர் இடம் சொல்லுங்கள்.

நெவாடா மாநிலத்தின் ஈஸ்ட் ஈலி. செம்புச் சுரங்கங்களுக்காக 1905–06-இல் போட்ட நெவாடா நார்தர்ன் ரயில்பாதையின் யார்டும் பட்டறைகளும் எஞ்சின் கொட்டகையும் கலைக்கப்படாமல் அங்கே அப்படியே நிற்கின்றன. நீராவி எஞ்சின்களும் அதே தண்டவாளங்களில் ஓடுகின்றன. 2006-இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

கேள்வி: வானொலி வருவதற்கு முன், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும் வேகனை நோக்கி ஓட்டுநர் எந்தத் துணிவில் பின்னோக்கித் தள்ளினார்?

தரையில் நின்றவரின் கையை நம்பித்தான். பகலில் கையும் இரவில் விளக்கும் பேசின. விளக்கைப் பாதைக்குக் குறுக்கே ஆட்டினால் நில். மேலும் கீழுமாக உயர்த்தித் தாழ்த்தினால் முன்னே வா. வட்டமாகச் சுழற்றினால் பின்னே போ. வளைவில் எஞ்சின் மறைந்திருந்தால், ஒருவர் காட்டியதை நடுவில் நின்ற இன்னொருவர் வாங்கி அப்படியே திருப்பிக் காட்டுவார். பாதையருகே யாராக இருந்தாலும், எதை வேகமாக வீசினாலும், அதை நிறுத்தச் சைகையாகக் கொள்ள வேண்டும் என்றும் விதி இருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்த விதி ஒன்றுண்டு. சைகை காட்டுபவரோ அவருடைய விளக்கோ பார்வையிலிருந்து மறைந்தால், ஓட்டுநர் காரணம் தேடாமல் உடனே நிறுத்திவிட வேண்டும்; ஏனென்றால் அவர் விழுந்திருக்கலாம், சக்கரங்களுக்கு அருகிலேயே கிடக்கலாம். வானொலி வந்தபோது அந்த விதி வேறு உருவம் எடுத்தது. இன்று தரையில் இருப்பவர் “பத்து வேகன் தூரம்” என்று சொன்னால், அதில் பாதியான ஐந்து வேகன் தூரத்துக்குள் அடுத்த சொல் வராவிட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.