மகனின் கோல்ஃப் சீசனுக்கு ரப்பர் விளையை ஈடு வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. மகனுக்கு 23 வயது. திருவனந்தபுரத்தில் கோல்ஃப் பழகி, அமெச்சூர் போட்டிகளில் நன்றாக ஆடுகிறான். இந்த வருஷம் தொழில்முறைக்கு மாறி, பி.ஜி.டி.ஐ. எனும் இந்தியத் தொழில்முறை கோல்ஃப் அமைப்பின் இரண்டாம் நிலை டூரில் (தொடர் போட்டிகளில்) ஒரு முழு சீசன் ஆட வேண்டும் என்கிறான். கையில் 9 லட்சம் டெபாசிட்டும் கொஞ்சம் நகையும் உண்டு. விளையின் பத்திரத்தை பேங்கில் வைத்து 10 லட்சம் எடுக்கலாம் என்கிறார் அவன் அப்பா. வளைகுடாவில் இருக்கும் என் அண்ணன் 3 லட்சம் தருவதாகச் சொல்கிறார். எது சரி? — வாசகி, குலசேகரம்

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பேங்க் தவணை மாதம் தவறாமல் வரும். கோல்ஃப் வரவு அப்படி வராது. வழக்கமான நான்கு சுற்றுப் போட்டியில் இரண்டு சுற்று முடிந்ததும் 'கட்' விழும். ஆடியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அன்றைக்கே பையைக் கட்ட வேண்டியதுதான். அவர்களுக்குப் பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது, அந்த வாரச் செலவு மட்டும் மிச்சம்.

அந்தச் செலவைப் பார்ப்போம். தொடங்குபவர்களுக்கு நான் போட்டுத் தரும் உத்தேசக் கணக்கு இது. உங்கள் மகன் தன் விலைகளைப் போட்டுத் திருத்திக்கொள்ளட்டும். திருவனந்தபுரத்திலிருந்து போக வர 12,000 (கோல்ஃப் பையே 13 கிலோவுக்கு மேல் வரும், உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் இலவசம் என்பதால் கூடுதல் பை கட்டணத்தையும் சேர்த்து). இன்னொரு வீரரோடு பகிர்ந்த அறை ஆறு இரவுக்கு 9,000. சாப்பாடு 4,200. பயிற்சிச் சுற்று உட்பட ஐந்து நாள் கேடிக்கு (பை சுமந்து கூட வரும் உதவியாளர்) 6,000. உள்ளூர் வண்டி 3,000. நுழைவுக் கட்டணமும் சில்லறையும் 4,000. ஆக ஒரு வாரம் 38,200 ரூபாய். டிக்பாய், ஜாம்ஷெட்பூர் மாதிரி தூரத்து ஊர் என்றால் பயணச் செலவு மட்டுமே இரட்டிப்பாகும்.

க்யூ-ஸ்கூல் எனும் தகுதிப் போட்டிக்கு ஒரு வாரம், பிறகு 12 போட்டி என்று வைத்தால் 13 வாரத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம். ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆகிற வருடச் செலவு தனி: கோச், மைதானக் கட்டணம், பந்து, கையுறை, தேய்ந்த வெட்ஜ் மட்டையை மாற்றுவது, உடற்பயிற்சி என 3 லட்சம். இரண்டையும் கூட்டி அதன் மேல் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவு. மொத்தம் 8.8 லட்சம்.

இனி வரவு. இந்திய டூரில் வெற்றியாளருக்கு வழக்கமாக மொத்தப் பரிசில் 15 சதவீதம் போகிறது. 1 கோடிப் போட்டியில் 15 லட்சம். கட் தாண்டிக் கடைசி இடங்களில் முடிப்பவருக்கு ஒரு சதவீதம்கூடத் தேறாது. இரண்டாம் நிலைப் போட்டி ஒன்றின் பரிசு 20 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கட் தாண்டியும் 20,000க்குக் கீழே. 38,200 செலவழித்துவிட்டு அதை வாங்கி வர வேண்டும். அந்த வாரம் கையைக் கடிக்காமல் இருக்கவே ஏறக்குறைய முதல் பத்துப் பதினைந்து இடங்களுக்குள் வர வேண்டியிருக்கும். 'கட் தாண்டினால் செலவு கைக்கு வந்துவிடும்' என்று வீட்டில் பேச்சு ஓடினால் அதை இப்போதே நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் இந்த டூரில் ஏன் ஆடுகிறார்கள்? சீசன் முடிவில் வரும் தரவரிசைக்காக. மேல் டூருக்கு ஏறும் வழி அது. 2010இல் தொடங்கிய ஆசியன் டெவலப்மென்ட் டூரிலும் பட்டியலின் உச்சியில் முடிப்பவர்களுக்கு ஆசியன் டூர் அட்டை, அதாவது அங்கே ஆடும் உரிமை, கிடைக்கிறது. ஆகவே நான் பயப்படுவது நஷ்டத்துக்கு அல்ல, ஆகஸ்டிலேயே பணம் தீர்ந்துபோவதற்குத்தான். ஏழு போட்டி ஆடிவிட்டு நின்றால் செலவும் போச்சு, தரவரிசையும் போச்சு. முதல் வருஷமே மலேசியா, இந்தோனேசியா என்று கிளம்பிப் பாதியில் காலியாகிறவர்கள் அதிகம். வெளிநாட்டு வாரம் ஒன்றுக்கு இங்கே இரண்டு வாரம் ஆடிவிடலாம்.

டெபாசிட்டில் 3 லட்சத்தை வீட்டு அவசரத்துக்கென்று தனியே வையுங்கள், அதைத் தொடக் கூடாது. மீதி 6, அண்ணனின் 3, ஆக 9 லட்சம். மேலே சொன்ன கணக்குக்கு இது போதும். மொத்தமாக மகன் கையில் கொடுக்காதீர்கள். க்யூ-ஸ்கூல் முடிந்து எந்தத் தகுதி வரிசையில் அட்டை வந்தது என்று பார்த்த பிறகே மற்ற டிக்கெட்டுகள். வரிசையில் பின்னால் இருந்தால் எல்லாப் போட்டியிலும் இடம் கிடைக்காது. முன்பே எடுத்த டிக்கெட் வீணாகும். அடுத்த பணம் ஐந்து போட்டிக்கு. அதன்பின் ஒரு நோட்டைத் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு போட்டியிலும் கட் எந்த ஸ்கோரில் விழுந்தது, இரண்டு சுற்றில் அவன் ஸ்கோர் என்ன. கோல்ஃபில் குறைவாக அடிப்பவரே முன்னால். கட்டைவிட அவன் சராசரியாகக் கூடுதலாக அடித்தது ஒன்றிரண்டு ஸ்ட்ரோக் (அடி) என்றால் மீதிப் பணத்தைத் தயங்காமல் கொடுங்கள், பரிசு எதுவும் வராவிட்டாலும் சரி. ஐந்துக்கு மேல் என்றால் இன்னும் ஏழு போட்டி ஆடுவதால் அது குறையாது. அந்தப் பணம் கோச்சிடம் போகட்டும்.

விளை வருமானத்தை நம்பி வாரச் செலவைத் திட்டமிட வேண்டாம். டூர் பொதுவாக பிப்ரவரி வாக்கில் தொடங்கும். நம் பக்கம் இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்பதும் அப்போதுதான். பிறகு ஜூன் மழை, அக்டோபர் மழை என்று நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஷீட்டும் ஒட்டுபாலும் விற்ற காசு வெட்டுக்கூலிக்கும் உரத்துக்கும் வீட்டுக்கும் சரியாக இருக்கும். நகையை வைப்பதானால் விவசாய நகைக்கடன் என்று எழுதிக் கொடுத்துக் குறைந்த வட்டியில் வாங்கி கோல்ஃபுக்குச் செலவழிக்காதீர்கள். அந்தக் கடன் விவசாயத்துக்கு மட்டுமே.

இன்னொன்றையும் மகனிடம் கேளுங்கள்: இந்த வருஷமே தொழில்முறைக்கு மாறத்தான் வேண்டுமா? 2022 ஜனவரியில் அமெச்சூர் விதிகள் மாறிவிட்டன. இப்போது அமெச்சூராக இருந்துகொண்டே ஸ்பான்சர் பணம் வாங்கலாம். பரிசுக்குத்தான் வரம்பு, 1,000 டாலர். பலருக்கு இது தெரியவே தெரியாது. பெரிய அமெச்சூர் போட்டிகளில் முன்னணியில் முடிக்கிறவனாக அவன் இன்னும் ஆகவில்லையென்றால், ஒரு வருஷம் பொறுப்பதே மலிவு.

அண்ணன் தருவதை அன்பளிப்பாகவே வாங்குங்கள். தாய்மாமன் மருமகனுக்குக் கொடுப்பதற்கு வரி கிடையாது. பேங்க் மூலம் மகன் கணக்குக்கே வரட்டும், அன்பளிப்பு என்று ஒரு கடிதமும் இருக்கட்டும். அவர் பரிசில் பங்கு எதிர்பார்த்தால் அது அன்பளிப்பு ஆகாது; அப்போது முத்திரைத்தாளில் எழுதுங்கள். எத்தனை சதவீதம், செலவு கழித்தா கழிக்காமலா, எந்தத் தொகை திரும்பியதும் முடியும், எத்தனை வருஷத்தில் எப்படியும் முடியும் என்ற நான்கும் அதில் வேண்டும். குடும்பத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

விபத்துக் காப்பீடு எடுக்கும்போது விலக்குப் பட்டியலைப் படியுங்கள். தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயத்துக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது. மணிக்கட்டும் முதுகும்தான் கோல்ஃப் வீரரின் முதல் எதிரி.

வரி விஷயத்தில், டாக்டர், வக்கீல் போல வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகும் வசதி விளையாட்டு வீரருக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு பில்லும் வேண்டும், கேடிக்குக் கொடுத்ததையும் யு.பி.ஐ.யில் கொடுக்கச் சொல்லுங்கள். முதல் வருஷம் நஷ்டம்தான் வரும். ஆனாலும் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டுவிட வேண்டும். போட்டால் அந்த நஷ்டத்தை எட்டு வருஷம் வரை பின்வரும் லாபத்தில் கழிக்கலாம். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும்.