முடிவே இல்லாதத எப்படி அளப்பாங்க?

கேள்வி: ஐயா, பையன் யூனிவர்சிட்டில கணக்கு படிக்கிறான். முடிவில்லாத பரிமாண அல்ஜீப்ரா எப்படி வளருதுன்னு மேட்ரிக்ஸ் வச்சி அளக்கறோம்னு சொல்றான். முடிவே இல்லாதத எப்படி அளப்பாங்க? நான் இருபது வருஷம் பால்மரம் சீவினவ, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, நல்லா கேட்டீங்க. மொத்தம் எவ்ளோன்னு யாரும் அளக்கறதில்ல, எவ்ளோ வேகமா பெருகுதுன்னுதான் பாக்கறாங்க. இந்த மாதிரி அல்ஜீப்ராவுல ரெண்டு மூணு எழுத்த கோர்த்து கோர்த்து சொல் கட்டுவாங்க, சில எழுத்து அடுத்தடுத்து வந்தா அந்தச் சொல் பூஜ்யம்னு கண்டிஷன் இருக்கும், மிச்சம் எத்தனை சொல் நிக்குதுன்னு எண்ணணும்.

உங்க வேலையவே எடுப்போம். ஒரு மரத்துக்கு சீவற நாள், ஓய்வு நாள்னு ரெண்டு எழுத்து. ஓய்வே இல்லாம தினமும் சீவினா பால் வத்திடலாம், அதனால சீவலுக்கு அடுத்து சீவல் கூடாதுன்னு வைங்க. ஒரு நாளுக்கு 2 வழி, ரெண்டு நாளுக்கு 3, அப்புறம் 5, 8, 13னு ஏறும், 30 நாளுக்கு 2,178,309 வழி! இத நாலு கட்டத்துல அடைச்சிடலாம், இப்படி எண்கள வரிசையா கட்டத்துல அடுக்கறதுதான் மேட்ரிக்ஸ். மேல் வரி ஓய்வு, மறுநாள் ஓய்வும் வரலாம் சீவலும் வரலாம், 1 1. கீழ் வரி சீவல், மறுநாள் ஓய்வு மட்டும், 1 0. இந்த மேட்ரிக்ஸ இதாலேயே பெருக்கினா 2 1, 1 1 வரும், நாலையும் கூட்டுங்க, 5. இன்னொரு தடவ பெருக்கினா 3 2, 2 1, கூட்டினா 8. போகப் போக ஒவ்வொரு நாளும் சுமார் 1.618 மடங்கு, அதுதான் இந்த மேட்ரிக்ஸோட பெரிய ஐகன் மதிப்பு, அதாவது பெருக்கிக்கிட்டே போனா கடைசில நிலைச்சி நிக்கற மடங்கு.

இப்ப கண்டிஷன மாத்துங்க. ரப்பர் நிலத்துல செம்பனை நட்டாச்சுன்னா திரும்ப ரப்பர் கிடையாதுன்னு வைங்க. மேட்ரிக்ஸ் 1 1, 0 1. பத்து வருஷத்துக்கு 11 வழிதான், எந்த வருஷம் மாத்தினோம்ங்கறது மட்டும்தான் வித்தியாசம். முதல்லேர்ந்து எல்லாத்தையும் கூட்டிக்கிட்டே வந்தா வருஷத்தோட வர்க்கம், அதாவது 2ம் அடுக்கு மாதிரி ஏறும், அந்த 2தான் கெல்ஃபாண்ட்-கிரில்லோவ் பரிமாணம், 1966ல அந்தப் பேருள்ள ரெண்டு கணக்கு மேதைங்க கொண்டு வந்தது. இதுவும் முடிவில்லாதது, அதுவும் முடிவில்லாதது, ஆனா ஓட்டம் எவ்ளோ வேற பாருங்க! இந்த எண் 1க்கும் 2க்கும் நடுவுல எங்கயும் வரவே வராதுன்னு பெர்க்மன்னு ஒரு கணக்கு அறிஞர் நிரூபிச்சிருக்காரு, எனக்கு இன்னிக்கும் அது ஆச்சரியம்தான்.

மேட்ரிக்ஸ பெருக்காமலே வேகத்த கண்டுபிடிக்க உஃப்னரோவ்ஸ்கின்னு இன்னொரு கணக்கு அறிஞர் 1982ல ஒரு வழி சொன்னாரு. எழுத்துக்கு ஒரு புள்ளி வச்சி, எதுக்கு அப்புறம் எது வரலாமோ அங்க அம்புக்குறி போடுங்க. ஓய்வுலேர்ந்து ஓய்வுக்கே ஒரு வட்டம், ஓய்வு-சீவல்-ஓய்வுன்னு இன்னொரு வட்டம், ரெண்டும் ஓய்வுப் புள்ளியில ஒட்டுது, ஒட்டினா மடங்கு மடங்காதான் பெருகும். ரப்பர்-செம்பனையில ரெண்டு வட்டம் தனித்தனி, ஒரு வழியில ரெண்டையும் தொடலாம், அதனால 2. பையன் லீவுக்கு வந்தா அவன் அல்ஜீப்ராவ இப்படி வரையச் சொல்லுங்க, வட்டம் எங்கயாவது ஒட்டுதான்னு நீங்களே பாத்து சொல்லிடுவீங்க.