நாவலை நேசித்தவர்கள் அதன் திரைப்படத்தைக் கண்டு ஏன் குறைபடுகிறார்கள்?

நாவலைத் திரைக்கேற்ப மாற்றிப் படமாக்குவதே தழுவல். மிகைபுனைவு (ஃபேன்டசி) நாவலில் வரும் உலகம் எங்கும் இல்லாதது என்பதால் வாசகரே அதை மனத்தில் உருவாக்கிக்கொள்கிறார். இயக்குநர் காட்டுவது எவ்வளவு அழகாக இருந்தாலும், தாம் கண்டது அதுவல்ல என்ற உறுத்தல் எழுகிறது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணத் தோற்பாவைக்கூத்தை 21 இரவுகள் கண்விழித்துப் பார்த்த பெரியவருக்கு, அதையே அரங்கில் ஒரு மணி நேரமாகச் சுருக்கிக் காட்டினால் உண்டாகும் மனக்குறை இத்தகையதே; புதிதாகப் பார்ப்பவரோ (அவரையும் குறை சொல்வதற்கில்லை) அதிலேயே மகிழ்ந்துபோவார்.

எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும் என்று வாசகர்கள் அடம்பிடிப்பதாக நினைப்பது தவறு: டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் திரைப்படங்களில் டாம் பாம்படில் என்ற பாத்திரம் அடியோடு விடுபட்டதைப் பொறுத்துக்கொண்ட பலரும், நாவலில் பேராற்றல் கொண்ட மோதிரத்தை மறுத்துவிடும் ஃபாரமிர் என்ற வீரன், 2002இல் வந்த இரண்டாம் படத்தில் அதைத் தன் நாட்டுக்குக் கொண்டுசெல்ல முனைவதைத்தான், பாத்திரத்தின் இயல்பே மாறிவிட்டதென்று, ஏற்கவில்லை.